மஞ்சள்தான் என்று சொன்னவள்

பிரிஜெட்டின் கண்களைப் பற்றி அவள் வேலை செய்த தொழிற்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. மற்றவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடும் கீறலை அவள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே பார்த்துவிடுவாள் என்பார்கள். அது மிகைதான். ஆனால் ஐம்பத்து நான்கு வயதிலும் கண்ணாடி அணியாமல் ஊசியில் நூல் கோத்தவள் அவள். கணவன் சிரில் பெங்களூர் விவேக் நகரில் தையற்கடை வைத்திருந்தான். சர்க்கரை நோயில் இடக்காலின் மூன்று விரல்களை எடுத்த பிறகு கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தான். குடும்பத்துக்குச் சோறு போட்டவை அந்தக் கண்கள்தாம்.

அவளுடைய வேலை இருட்டில் நடப்பது. கருப்புத் திரை தொங்கும் ஒரு சிற்றறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு புற ஊதா விளக்கு. உலோகப் பாகத்தின்மேல் எண்ணெய் போன்ற ஒரு சாயத்தைத் தடவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, கழுவித் துடைப்பாள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்கேனும் இருந்தால், அதற்குள் இறங்கிய சாயம் மட்டும் அங்கேயே தங்கிவிடும். பிறகு திரையை இழுத்துவிட்டு, இரண்டு நிமிடம் கண்களை இருட்டுக்குப் பழக்கி, விளக்கைப் போடுவாள். வெடிப்பு இருக்கும் இடம் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த அவள், இந்த வேலையை விமானப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டாள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டறை இடம் மாறியபோது, ஆனேக்கல் போகும் சாலையில் ரங்கா என்பவர் தொடங்கியிருந்த சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள்.

ரங்கா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். புதுப் பொருள்களை ஆராயும் ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய அதிவேக மையவிலக்கு இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் இங்கேயே செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தூசியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய துகள்கள் ஒரு திரவத்தில் கலந்து கிடக்கும். அதை மிக வேகமாகச் சுழற்றினால் பெரியவை முதலிலும் சிறியவை பின்னுமாகப் பிரிந்து ஒதுங்கும். அப்படிச் சுழல்வதற்குத்தான் ரோட்டர் என்ற பாகம். கவிழ்த்து வைத்த சட்டி போன்ற, ஆறு கிலோ எடையுள்ள அலுமினியக் கலவைக் கட்டி. நடுவே ஒரு துளை, சுற்றிலும் குப்பி வைக்க எட்டுத் துளைகள். அது நிமிடத்துக்கு ஐம்பதாயிரம் சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் அது உடைந்தால், சரக்கேற்றிய லாரி ஒன்று சுவரில் மோதுவதற்கு ஒப்பாகும். ஆகவே பிரிஜெட் கையெழுத்திடாத எந்த ரோட்டரும் இயந்திரத்துக்குள் போகாது. அது ரங்கா போட்ட விதி.

இயந்திரத்தை ஓட்டிச் சோதிப்பவன் சேஷகிரி. ஆனேக்கல்காரன், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். பிரிஜெட்டைவிடப் பத்து வயது இளையவன். அவளை அக்கா என்பான். ஒவ்வொரு முறையும் ரோட்டர் உச்ச வேகத்தைத் தொட்டதும் அவள் அறையின் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னொரு ரெண்டாயிரம் ஏத்திப் பாக்கட்டுமா? பொம்மசந்திரா சிக்னல்ல நின்னு நின்னு காலெல்லாம் மரத்துப் போச்சு. எங்கேயாவது வேகமாப் போகணும்ல?" என்பான்.

"ஏத்து. உன்னோட ஓட்டக் கணக்குப் புஸ்தகத்துல நானே சிவப்பு மையில எழுதறேன்" என்பாள் அவள்.

எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாளும் அவன் ஏற்றியதில்லை. ஐம்பதாயிரம் என்றால் ஐம்பதாயிரம்தான்.

ஆயுத பூஜை அங்கே சேஷகிரியின் பொறுப்பு. சிவப்புத் துணி விரித்து, அளவுகோல்களையும் கருவிகளையும் ரோட்டர்களையும் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பான். கடைக் குங்குமத்தைத் தொடமாட்டான். அவன் மனைவி பாமா மஞ்சளில் சுண்ணாம்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து, காயவைத்து, இடித்துச் சலித்துப் பித்தளைச் சிமிழில் கொடுத்தனுப்புவாள். "பாருங்கக்கா, கலர் எப்படி வந்திருக்கு பாருங்க" என்று சிமிழைத் திறந்து காட்டுவதில் அவனுக்கு அத்தனை பெருமை.

பிரிஜெட் அந்த நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆண்டு, பூஜைக்கு மறுநாள் காலையில் வந்து, ரோட்டரில் இருந்த பொட்டை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது சோதனைக்கு முன் செய்யவேண்டிய சுத்தம், அவ்வளவே. ஆனால் கடைசல் பிரிவில் யாரோ, "சர்ச்சுக்காரங்களுக்கு அது அழுக்காத் தெரியுது போல" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. மறு ஆண்டு முதல் சேஷகிரியே வந்து பொட்டை அழித்து, ரோட்டரைத் துடைத்து அவளிடம் கொடுக்கத் தொடங்கினான். யாரும் யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. அது ஒரு மரியாதையாக வந்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது. குங்குமம் வைத்த இடத்தை அவள் தன் கையால் தேய்ப்பதில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, புதிதாக வடிவமைத்த இரண்டு ரோட்டர்கள் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டு வந்தன. மேற்பூச்சு ஏற்றப்படாத வெறும் உலோகம். அவற்றையும் சேஷகிரி சிவப்புத் துணியில் வைத்தான். நடுத்துளையின் விளிம்பில் சந்தனத்தைக் குழைத்து இட்டு, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தான். பூஜை வியாழக்கிழமை மாலை முடிந்தது. அடுத்து மூன்று நாள் விடுமுறை. அந்த மூன்று நாளும் பெங்களூரில் அடைமழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. பூட்டிய கூடத்தில் சுவரெல்லாம் வியர்த்தது. சந்தனம் காயவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் சேஷகிரி பொட்டை அழித்து, இரண்டு ரோட்டர்களையும் துடைத்துக் கொண்டுவந்தான். பிரிஜெட் சாயம் தடவி, ஊறவிட்டு, கழுவினாள். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டாள். முதல் ரோட்டரின் நடுத்துளை விளிம்பில் கட்டைவிரல் நகமளவு ஓர் ஒளி தெரிந்தது. கோடாக இல்லை, மங்கலாக, பரவலாக இருந்தது.

திரைக்கு வெளியே நின்றபடி சேஷகிரி கேட்டான்: "என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"பொட்டு வெச்ச இடம் மின்னுது."

"நல்லாத்தான தொடச்சேன்."

மஞ்சளுக்கும் அந்த விளக்கின்கீழ் ஒளிரும் குணம் உண்டு. அது பிரிஜெட்டுக்குத் தெரியும். சமையலை முடித்துவிட்டு வந்த நாள்களில் அவளுடைய விரல் நகங்களே அங்கே மின்னியிருக்கின்றன. ஒளிர்வது மஞ்சளா, சாயமா என்ற ஐயம் வந்தால் செய்யவேண்டியது ஒன்றுதான். அந்த இடத்தை அழுத்தித் தேய்த்து, ஸ்பிரிட்டால் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து சாயம் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

அவள் கை ஸ்பிரிட் புட்டிவரை போயிற்று. திரையின் இடைவெளியில் சேஷகிரியின் செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. பூஜைக்குப் பின் முதல்முறையாக இயந்திரத்தைத் தொடும் நாளில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். அவன் துடைத்துக் கொடுத்ததை, அவன் எதிரிலேயே மறுபடியும் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பதா?

"மஞ்சள்தான்" என்றாள்.

"அஷ்டேதானே, அவ்வளவுதானே? நான் பயந்தே போயிட்டேன்."

இரண்டாவது ரோட்டரிலும் அதே இடத்தில் அதே மங்கல் ஒளி தெரிந்தது. இரண்டிலும் ஒன்றுபோல் இருந்ததால் அவளுடைய ஐயம் தீர்ந்துபோயிற்று. தீர்ந்திருக்கக் கூடாது. இரண்டு சோதனைத் தாள்களிலும் கையெழுத்திட்டாள்.

முதல் ரோட்டர் தொழிற்கூடத்திலேயே சோதனை ஓட்டத்துக்கு நின்றது. இரண்டாவது, மேற்பூச்சு ஏற்றப்பட்டு, நகரின் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. ஒன்பது வாரங்கள் எதுவும் நடக்கவில்லை.

டிசம்பர் மாதம் இரண்டாவது புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. பிரிஜெட் தன் அறையில் இருந்தாள். கட்டடத்தை யாரோ தூக்கிக் கீழே போட்டதுபோல் ஓர் ஓசை. பிறகு மின்சாரம் போயிற்று. திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து பார்த்தபோது, நானூறு கிலோ இயந்திரம் தன் இடத்தைவிட்டு நான்கடி நகர்ந்து, சேஷகிரியைச் சுவரோடு வைத்து நெருக்கியிருந்தது. உள்ளே ரோட்டர் வெடித்திருந்தது, ஆனால் அதைச் சுற்றியிருந்த கவசத்தை மீறி எந்தத் துண்டும் வெளியே வரவில்லை. அந்த மட்டில் இயந்திரத்தின் வடிவமைப்பு சரியாகவே இருந்தது. அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். அவளைப் பார்த்து, "அம்பதாயிரம் போகலக்கா. நாப்பத்தெட்டுலதான் இருந்துது" என்றான். அதையே இரண்டு முறை சொன்னான். அவளைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனான்.

வேகத்தைப் பதிவு செய்யும் பெட்டி நசுங்கிப் போயிருந்தது. விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டார்கள். பிரிஜெட்டிடம் கேட்ட கேள்வி இதுதான்: இரண்டாயிரம் கூட்டிப் பார்க்கட்டுமா என்று சேஷகிரி சொன்னதுண்டா?

"சொல்றதுண்டு. விளையாட்டுக்கு" என்றாள்.

கடைசியாக அவன் சொன்னதையும் அவளாகவே சொன்னாள். உயிர் போகும் வலியில் பேசியதை அளவாக எடுத்துக்கொள்ள இயலாது என்றார்கள். கேள்வி கேட்டவர் எழுதிக்கொண்ட தாளில் விளையாட்டு என்ற சொல் இல்லை. உடைந்த துண்டுகளை ஓரமாகக் குவித்து வைத்தார்களே தவிர, யாரும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவில்லை. ஜனவரி மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. அனுமதிக்கப்பட்ட வேகத்தை இயந்திரத்தை ஓட்டியவர் மீறியதே உடைவுக்குக் காரணம் என்று அதில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இரண்டாவது ரோட்டரை அடுத்த திங்கட்கிழமை முதல் மீண்டும் இயக்கலாம் என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பாமா தொலைபேசியில் அழைத்தாள்.

"ரிப்போர்ட்டு வந்திருக்குக்கா. சிந்துதான் படிச்சுச் சொன்னா. அப்பா ஓவர் ஸ்பீடு போனாராம்மான்னு கேக்கறா. அவர் அப்படிச் செய்யற ஆளா?"

"இல்ல பாமா."

"அப்ப ஏன் அப்படி எழுதியிருக்காங்க?"

அன்று பிற்பகலே, உடைந்த துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிப் பட்டியல் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. மொத்தம் முப்பத்தொரு துண்டுகள். பதினான்காவதைக் கையில் எடுத்தபோது அவள் விரல்கள் நின்றுபோயின. உடைந்த உலோகத்தின் முகத்தை வாசிக்கப் பழகியவர்களுக்கு அது ஒரு கடிதம் போன்றது. ஒரே வீச்சில் வேகம் தாங்காமல் உடைந்த உலோகம் முழுவதும் சொரசொரப்பாக இருக்கும். இந்தத் துண்டின் முகத்திலோ, ஓரிடத்திலிருந்து அரைவட்டம் அரைவட்டமாக, குளத்தில் கல்லெறிந்தாற்போல், வழுவழுப்பான வரிகள் பரவியிருந்தன. வெடிப்பு வாரக்கணக்கில், ஓட்டத்துக்கு ஓட்டம் வளர்ந்திருக்கிறது. வரிகள் தொடங்கிய இடம் நடுத்துளையின் விளிம்பு. அங்கே கட்டைவிரல் நகமளவுக்கு உலோகம் அரித்துக் குழிந்திருந்தது.

ஈரச் சந்தனம். சுண்ணாம்பு கலந்த குங்குமம். மூன்று நாள் மழை. அலுமினியத்தைச் சுண்ணாம்பு தின்னும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்று அவள் கண்ட ஒளியில் மஞ்சள் கொஞ்சம் இருந்திருக்கலாம். சாயமும் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சிரிலிடம் சொன்னாள். அவன் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தத் தாள்ல உன் கையெழுத்து மட்டும்தான் இருக்குதா?"

"என்னுது மட்டும்தான்."

"யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப நீயா ஏன் போய் நிக்கற? செத்தவன் திரும்பி வரப்போறானா? இந்தக் கால வெச்சுக்கிட்டு நான் தையல் மெஷின மிதிக்கணுமா?"

"இன்னொரு ரோட்டர் திங்கக்கிழம ஓடப்போவுது சிரில். அதுலயும் அதே இடத்துல மின்னிச்சு. நான் பாத்தேன்."

சிரில் கட்டை முடித்து, துணியின் நுனியைச் செருகினான். பிறகு, "அப்ப போய்ச் சொல்லு. காலையில மொத வேலையா சொல்லு" என்றான்.

தன் தவறை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் குங்குமத்தைச் சொல்லாமல் விட முடியுமா என்று அவள் பேருந்தில் எண்ணிப் பார்த்தாள். முடியாது. எந்த இடத்தில், எதனால் அரித்தது என்று சொல்லாவிட்டால், இரண்டாவது ரோட்டரில் பூச்சுக்கு அடியில் இருப்பதை யாரும் தேடமாட்டார்கள். சொன்னால் அது பாமாவின் கைக்குப் போய்ச் சேரும். அவள் இடித்துச் சலித்த குங்குமம்.

ரங்கா அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களையும் படித்தார். பதினான்காம் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் அந்த வரிகளை வாசிக்கத் தெரியும்.

"ரிப்போர்ட் க்ளோஸ் ஆயிடுச்சும்மா" என்றார். "பழி சேஷகிரி மேல இருக்கிற வரைக்கும் டிசைன் மேல சந்தேகம் வராது. கம்பெனி நிக்கும். இருபத்திரண்டு பேர் இருக்கோம். நான் தப்பாப் பேசறேன்னு எனக்கே தெரியுது."

"டிசைன் மேல தப்பே இல்லையே சார். அதத்தான் எழுதியிருக்கேன். தப்பு என்னோட மேசையில நடந்துது."

"இன்ஸ்பெக்‌ஷனே சரியில்லன்னா, நாம குடுத்த எல்லா ரோட்டரையும் திரும்ப வாங்கணும்."

"ஆமாம் சார். வாங்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அவள் எதிரிலேயே ஆய்வுக்கூடத்தைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டாவது ரோட்டரைத் தொடவேண்டாம் என்று சொன்னார். அவர் செய்யவேண்டியதைச் செய்தார். அதைச் செய்ய அவருக்கு ஒரு கால்மணி நேரம் ஆயிற்று.

அந்த ரோட்டர் திரும்பி வந்ததும் பூச்சை நீக்கிச் சோதித்தார்கள். இம்முறை சோதித்தவள் பிரிஜெட் அல்லள். வெளியிலிருந்து வந்த ஒருவர். நடுத்துளையின் விளிம்பில் ஓர் எள்ளளவு நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. சேஷகிரியின் பெயருக்கு எதிரே இருந்த வரி போய், பிரிஜெட்டின் பெயருக்கு எதிரே ஒரு வரி வந்தது. அவள் எழுதிக் கொடுத்திருந்த விலகல் கடிதத்தை ரங்கா ஒரு வாரம் மேசையில் வைத்திருந்து, பிறகு ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆய்வுக்கூடங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்த கொள்முதல் ஆணையைத் திரும்பப் பெற்றன. கடைசல் பிரிவில் நான்கு பேருக்கு வேலை போயிற்று. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

திருத்திய அறிக்கை பாமாவுக்குத் தபாலில் போவதற்கு முன்பே பிரிஜெட் ஆனேக்கலுக்குப் போனாள். சிந்து கல்லூரிக்குப் போயிருந்தாள். பாமா தரையில் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். பிரிஜெட் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். திரைக்குப் பின்னால் தெரிந்த ஒளியை, ஸ்பிரிட் புட்டியை, அவனுடைய செருப்பில்லாத கால்களை. பாமாவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டாத்தான் நல்ல செவப்பு வரும்" என்றாள் பாமா. "அந்த வருஷம் அப்படித்தான் போட்டேன். கலர் நல்லாயிருக்குன்னு அவர் சொன்னார்."

"குங்குமத்து மேல தப்பில்ல பாமா. நான் திரும்பக் கழுவிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தான் எனக்கு வேலை குடுத்திருந்தாங்க."

"நீங்க வேலைய விட்டுட்டீங்கக்கா. நான் எத விடறது?"

அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் ஓசை கேட்டது. பாமா எழுந்து போய் அணைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அவர் வேகத்த மீறலன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல வேணாம், தமிழ்லயே எழுதுங்க. சிந்து கிட்டக் குடுக்கணும். குங்குமத்தப் பத்தி அதுல ஒண்ணும் வேணாம்."

"தபால்ல வர்ற ரிப்போர்ட்டுல இருக்குமே."

"அத நான் வாங்கி வெச்சுக்கறேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும். அவ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போய்ப் பொட்டு வெச்சுக்கிட்டு நிக்கணும்."

அரைகுறையாகப் பார்த்துக் கையெழுத்திட்டதால் வந்தது அத்தனையும். இப்போது அரைப் பக்கம் எழுதச் சொல்கிறாள். பிரிஜெட் பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு எழுதினாள்: சேஷகிரி இயந்திரத்தை அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள்தான் ஓட்டினார். ரோட்டரில் இருந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கவேண்டிய பொறுப்பு என்னுடையது. நான் சரியாகச் சோதிக்காமல் கையெழுத்திட்டேன். எழுதியவற்றில் பொய் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

பாமா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். "தேதி போடலியே?" என்றாள்.

பிரிஜெட் தேதியைப் போட்டாள். பழக்கத்தினால் ரோட்டரின் எண்ணையும் போட்டாள்.

வாசல்வரை வந்த பாமா, "இனிமே வராதீங்கக்கா" என்றாள். "உங்க மேல கோவமில்ல. நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம், சொன்னீங்க. ஆனா உங்களப் பாத்தா எனக்கு அந்தச் சிமிழுதான் ஞாபகம் வரும்."

"வரமாட்டேன் பாமா."

விவேக் நகரில் சிரில் மறுபடியும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறான். வலக்காலால் மட்டும் மிதிக்கிறான். பித்தான் வைப்பதும் ஓரம் தைப்பதும் பிரிஜெட்டின் பங்கு. நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. தைத்து முடித்த ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பாள். பிறகு திரும்பவும் ஒருமுறை பார்ப்பாள். "பாத்தாச்சு, குடுத்துடு" என்று சிரில் சொன்னால், "இரு" என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் பார்ப்பாள்.